பாங்கு கடிகாரமா, தொழுகைச் செயலியா: எதை வாங்கலாம், எப்படி அமைக்கலாம்

பாங்கு (தொழுகை அழைப்பு) ஒலிக்கும் கடிகாரம் வாங்கக் கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் பாங்கை ஒலிக்க விட்டுக் காட்டுவார். மக்கா பாங்கு, மதீனா பாங்கு, அலாரத்துக்குக் குருவிச் சத்தம் என்று வரிசையாக வரும். குரல் பிடித்துப்போனால் பலர் அங்கேயே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். குரலைக் கடைசியில் பாருங்கள். முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: வக்து (தொழுகை நேரம்) நுழைவதற்கு முன்பே அந்தக் கருவி உங்களுக்கு நினைவூட்டுமா? சென்னைக்கோ துபாய்க்கோ உரிய நேரத்தைக் காட்டாமல், நீங்கள் வாழும் ஊரின் நேரத்தைக் காட்டுமா?

தொழுகை நேரம் தெரியாமல் தவறுவது இன்று அபூர்வம். பாங்கு கேட்ட பிறகு, ‘இதோ, இதை முடித்துவிட்டு வருகிறேன்’ என்று கரையும் கால் மணி நேரத்தில்தான் தவறுகிறது. முதலில் ஜமாஅத் (கூட்டுத் தொழுகை) போகிறது. தனியாகத் தொழுவதும் வக்தின் கடைசிக்குத் தள்ளிப்போகிறது. பிறகு அவசர ஒளு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவுதல்), முதுகு நேராகாத ருகூஃ (குனிதல்), சலாம் கொடுத்த கையோடு எழுந்து ஓட்டம். தொழுகை முஃமின்களுக்கு நேரம் குறிக்கப்பட்ட கடமை என்கிறது குர்ஆன் (4:103). பாங்குக்கும் இகாமத்துக்கும் (ஜமாஅத் தொடங்கும் அறிவிப்பு) இடையில் கேட்கும் துஆ (வேண்டுதல்) மறுக்கப்படுவதில்லை என்றும், அடியான் தன் இறைவனுக்கு மிக நெருக்கமாக இருப்பது நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவில்தான் என்றும் ஹதீஸ்களில் வருகிறது. அந்த இடைவெளியையும் அந்த சஜ்தாவின் நிதானத்தையும் ஒரு கருவி எவ்வளவு காப்பாற்றித் தருகிறது என்பதை வைத்தே இங்கே எடை போட்டிருக்கிறோம்.

கருவி நேரத்தை எங்கிருந்து எடுக்கிறது

மேசைக் கடிகாரம், சுவரில் மாட்டும் எல்இடி பலகை, கைக்கடிகாரம், செல்பேசிச் செயலி எதுவானாலும் உள்ளே நடப்பது ஒரே கணக்குதான். தேதியையும் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் வைத்து சூரியன் எங்கே இருக்கிறது என்று கணக்கிடுகிறது. உச்சி சாய்ந்தால் லுஹர், மறைந்தால் மஃரிப். இந்த இரண்டிலும் கருத்து வேறுபாடு இல்லை. மாலைத் தொழுகையான அஸர் நிழலின் நீளத்தைப் பொறுத்தது. அதிகாலைத் தொழுகையான சுபுஹும் இரவுத் தொழுகையான இஷாவும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. இந்த மூன்றுக்கும் நீங்கள்தான் கருவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கணக்கிலேயே அது ஓடும். அந்தக் கணக்கு பெரும்பாலும் நம் ஊருக்கானதாக இருப்பதில்லை.

கணக்கு முறைகளில் அடிக்கடி கண்ணில் படுபவை இவை. கராச்சி முறையில் சுபுஹுக்கு 18 டிகிரி, இஷாவுக்கும் 18. முஸ்லிம் வேர்ல்டு லீக் முறையில் 18, 17. எகிப்து முறையில் 19.5, 17.5. வட அமெரிக்க முறையில் இரண்டுக்கும் 15. சவூதியின் உம்முல் குரா முறையில் சுபுஹுக்கு 18.5 டிகிரி, இஷாவுக்கு டிகிரி கணக்கே கிடையாது, மஃரிபிலிருந்து 90 நிமிடம், ரமளானில் 120 நிமிடம். இந்தியாவிலும் இலங்கையிலும் பள்ளிவாசல்களில் மாட்டியிருக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் 18 டிகிரியை ஒட்டியே வரும். அதனால் கராச்சி முறையில் தொடங்குவது சரியாக இருக்கும்.

ஒரு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. சென்னை அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். வட அமெரிக்க முறையில் அமைந்த செயலி இங்கே சுபுஹை 12 முதல் 14 நிமிடம் தாமதமாகக் காட்டும். தொழுகைக்கு அது பெரிய பாதகமில்லை, வக்து நுழைந்த பிறகுதான் தொழுதிருப்பீர்கள். ஆனால் அதை நம்பி சஹர் (நோன்புக்கு முந்தைய விடியற்கால உணவு) சாப்பிடுபவர் நோன்பு தொடங்க வேண்டிய நேரம் கடந்தும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். எகிப்து முறையில் இதற்கு நேர்மாறு: சுபுஹு ஆறேழு நிமிடம் முந்திக் காட்டும், அந்தப் பாங்கைக் கேட்டதும் எழுந்து தொழுதால் வக்துக்கு முன்பே தொழுததாகிவிடும். வளைகுடாவிலிருந்து பெட்டியோடு வந்த கடிகாரங்களில் உம்முல் குரா முறை இருந்தால், இங்கே இஷா 10 முதல் 20 நிமிடம் பிந்தி ஒலிக்கும். ரமளானில் திடீரென்று இன்னும் அரை மணி நேரம் தள்ளிப்போகும். கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட வேண்டாம், முறையை மாற்றினால் சரியாகிவிடும்.

ஊரின் பெயரில் வரும் பிசகு

பல கடிகாரங்களில் ஊர்ப் பட்டியல் உண்டு. இந்தியா என்று போனால் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, ஹைதராபாத் வரும். கோயம்புத்தூர்க்காரர் பக்கத்தில் இருப்பது சென்னைதானே என்று அதைத் தேர்ந்தெடுப்பார். தீர்க்கரேகையில் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். சென்னை 80.27 டிகிரி, கோவை 76.96 டிகிரி. ஆக லுஹர் 13 நிமிடம் முந்தி ஒலிக்கும். மஃரிபில் அட்சரேகையும் சேர்ந்துகொள்வதால் பிசகு ஜூனில் 10 நிமிடம், டிசம்பரில் 17 நிமிடம் என்று பருவத்துக்குப் பருவம் மாறும். சூரியன் கண்ணுக்குத் தெரியும்போதே நோன்பு திறப்பதில் இது முடியும். சென்னைக் கணக்கை அப்படியே வைத்தால் காயல்பட்டினத்தில் எட்டொன்பது நிமிடம், வாணியம்பாடியிலும் கீழக்கரையிலும் ஏறத்தாழ ஆறு நிமிடம் லுஹர் முந்திவிடும். நாகூரில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவுதான்.

அதனால் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கையால் பதிய முடிகிற கடிகாரத்தையே வாங்குங்கள். அது இல்லாத மாதிரியில், ஒவ்வொரு வக்துக்கும் தனித்தனியே நிமிடம் கூட்டிக் குறைக்கும் வசதியாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால், பட்டியலில் இல்லாத ஊரில் அது அழகுப் பொருள் மட்டுமே. பதியும்போது ஒரு சிக்கல் வரும். இணைய வரைபடம் 78.62 என்று தசமத்தில் காட்டும். கடிகாரம் டிகிரி, நிமிடம் என்று கேட்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60ஆல் பெருக்க வேண்டும். 0.62 × 60 = 37. ஆக 78 டிகிரி 37 நிமிடம். சில மலிவு மாதிரிகள் முழு டிகிரியை மட்டுமே ஏற்கும். அவற்றில் இரண்டு நிமிடம் வரை பிசகு இருந்தே தீரும்.

அஸரில் மத்ஹபை (மார்க்கச் சட்ட வழிமுறை) தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பொருளின் நிழல், உச்சிநேர நிழலைக் கழித்து, அதன் உயரத்துக்குச் சமமானதும் ஷாஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் அஸர் நுழைந்துவிடும். ஹனஃபியில் இரண்டு மடங்காக வேண்டும். சென்னையில் இந்த வித்தியாசம் டிசம்பரில் 50 நிமிடத்தை ஒட்டியும் ஜூனில் 70 நிமிடத்தை ஒட்டியும் இருக்கும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிகள் அதிகம். உள்நாட்டில் ராவுத்தர்களும் வட ஆற்காட்டுப் பக்கத்து உருது பேசும் மக்களும் பெரும்பாலும் ஹனஃபிகள். திருமணமாகி ஊர் மாறிய பெண்களின் செல்பேசியில் பழைய ஊரின் அமைப்பே இருந்துவிடுவது உண்டு. புகுந்த வீட்டின் ஜமாஅத் நேரத்தோடு அது ஒத்துப்போகாமல் குழப்பம் வரும். ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அமைத்த பிறகு சரிபார்ப்பது

உங்கள் பள்ளிவாசலின் அச்சிட்ட வக்து அட்டவணையைப் படம் எடுத்து வாருங்கள். இலங்கையில் இருப்பவர்கள் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் நேர அட்டவணையை வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளின் ஐந்து வக்தையும் சூரிய உதயத்தையும் கருவியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பேணுதலுக்காக அட்டவணைகளில் ஓரிரு நிமிடம் சேர்த்திருப்பார்கள், அந்த அளவு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அதற்கு மேல் போனால், எது பிசகியிருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைப் பிடித்துவிடலாம்.

எல்லா வக்தும் சரியாக ஒரு மணி நேரம் பிந்தினால் கோடைக்கால நேரம் (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பது) இயக்கத்தில் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வழக்கம் இல்லை, அணைத்துவிடுங்கள். எல்லாமே அரை மணி நேரம் பிசகினால் நேர வலயம் 5.30க்குப் பதிலாக 5 அல்லது 6 என்று பதிவாகியிருக்கிறது. எல்லாமே ஒரே திசையில் சில நிமிடங்கள் விலகினால் தீர்க்கரேகையைப் பாருங்கள், அல்லது கடிகாரமே மெதுவாக ஓடுகிறதா என்று பாருங்கள். சுபுஹும் இஷாவும் மட்டும் பிசகினால் கணக்கு முறை. அஸர் மட்டும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளியிருந்தால் மத்ஹப்.

கண்டுபிடிக்கக் கடினமானது இன்னொன்று. லுஹர் மிகச் சரியாக இருக்கும். ஆனால் ஜூனில் உதயம் முக்கால் மணி நேரம் பிந்தியும் மஃரிப் முக்கால் மணி நேரம் முந்தியும் காட்டும். அட்சரேகையில் வடக்குக்குப் பதில் தெற்கு என்று பதிந்ததன் விளைவு இது. மார்ச், செப்டம்பர் கடைசி வாரங்களில் இந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. அந்த நாட்களில் அமைத்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று நம்பி, மூன்று மாதம் கழித்துத் திகைப்பார்கள். தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாவதும் இதே போல மறைந்திருந்து வெளிப்படும்.

லுஹர் நேரம் ஆண்டு முழுவதும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தும் சிலர் கருவியைச் சந்தேகிப்பார்கள். அது இயல்புதான். சென்னையில் நவம்பர் தொடக்கத்தில் 11.52க்கே உச்சி சாய்ந்துவிடும், பிப்ரவரி நடுவில் 12.23 ஆகும். பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் செய்யும் வேலை அது. இதில் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு நன்மை இருக்கிறது: எந்தப் பருவத்திலும் ஒரு மணிக்கு மேல் வரும் உணவு இடைவேளைக்குள் லுஹர் வக்து நுழைந்திருக்கும். சிரமம் அஸரில்தான். சென்னையில் ஷாஃபி அஸர் 3.10க்கும் 3.45க்கும் இடையே நுழைகிறது. சூரியன் மறைவது ஆண்டு முழுவதும் 5.40க்கும் 6.40க்கும் இடையே. ஆறு மணி வரை வேலை பார்ப்பவர் நவம்பர், டிசம்பரில் வீட்டுக்குப் போய்த் தொழலாம் என்று இருந்தால் அஸர் கலாவாகிவிடும் (நேரம் தவறிவிடும்). மாலைத் தேநீர் இடைவேளையை முன்கூட்டியே தொழுகைக்கென்று ஒதுக்கிவைப்பதே வழி.

முன் அலாரம்

இந்தக் கருவிகளில் மிக உபயோகமான வசதி இதுதான், ஆனால் வாங்குபவர்களில் பலர் அதைத் தொடுவதே இல்லை. வக்துக்கு 10, 15 அல்லது 20 நிமிடம் முன்பு ஒரு சிறு ஒலி எழுப்பும். பதினைந்தில் வையுங்கள். கையிலிருக்கும் வேலையை எங்கே நிறுத்தலாம் என்று பார்க்க ஐந்து நிமிடம். நிதானமான ஒளுவுக்கு மூன்று நான்கு நிமிடம். மீதமுள்ள நேரத்தில் முஸல்லாவில் (தொழுகை விரிப்பு) உட்கார்ந்துவிட்டால், பாங்குக்குப் பதில் சொல்லவும், முன் சுன்னத் தொழவும், இகாமத்துக்கு முன் துஆ கேட்கவும் இடம் கிடைத்துவிடும். கடை வைத்திருப்பவர் புதிய வாடிக்கையாளருக்குத் துணியை விரிக்கும் முன் அந்த ஒலி கேட்க வேண்டும். சமையலறையில் இருப்பவருக்கு அடுப்பில் உலை வைக்கும் முன் கேட்க வேண்டும். பாங்கு ஒலிக்கும்போது அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தால் தொழுகையில் மனம் அடுப்பில்தான் இருக்கும்.

ஒலியளவும் முக்கியம். முன் அலாரத்துக்கும் பாங்குக்கும் தனித்தனி ஒலியளவு உள்ள மாதிரி கிடைத்தால் அதையே எடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால், குழந்தை தூங்கும் வீட்டில் யாராவது ஒலியை முழுவதும் குறைத்துவிடுவார்கள், பிறகு எதுவுமே கேட்காது.

சுபுஹுக்கான எழுப்பு அலாரம் வேறு. அதில் ‘சுபுஹுக்கு இத்தனை நிமிடம் முன்’ என்று வைக்க முடிகிறதா பாருங்கள். குறித்த மணிக்கு அடிக்கும் சாதாரண அலாரத்தால் பயனில்லை. சென்னையில் சுபுஹு வக்து மே கடைசியில் 4.25ஐ ஒட்டியும் பிப்ரவரி தொடக்கத்தில் 5.20ஐ ஒட்டியும் நுழைகிறது. ஐந்து மணிக்கு நிலையாக வைத்த அலாரம் பிப்ரவரியில் தஹஜ்ஜுதுக்கு (சுபுஹுக்கு முந்தைய இரவுத் தொழுகை) எழுப்பும். ஜூனில் எழும்போது ஜமாஅத் முடிந்திருக்கக்கூடும். வக்து நுழைந்து சூரியன் உதிக்கும் வரை இங்கே 70 முதல் 80 நிமிடம்தான். வக்துக்கு 30 நிமிடம் முன் என்று வைத்துப் பழகினால் இரண்டு ரக்அத் தஹஜ்ஜுதுக்கும் இடம் இருக்கும், ஆண்டு முழுவதும் கைவைக்க வேண்டியதில்லை. மறுஒலிப்பு வசதியை அணைத்துவிட்டு, கடிகாரத்தைப் படுக்கையிலிருந்து எழுந்து நடந்து போய்த்தான் நிறுத்த முடியும் என்ற தூரத்தில் வையுங்கள்.

இகாமத்துக்கு இன்னும் எத்தனை நிமிடம் என்று எண்ணிக் காட்டும் சுவர்ப் பலகைகளில் ஒவ்வொரு தொழுகைக்கும் பாங்குக்கும் ஜமாஅத்துக்கும் உள்ள இடைவெளியை உங்கள் பள்ளிவாசலைப் பார்த்துப் பதியுங்கள். மஃரிபுக்கு மட்டும் அது மிகக் குறைவாக இருக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை வைத்தால் அன்றாடம் மஃரிப் ஜமாஅத்தை இழப்பீர்கள்.

கடிகாரத்தில் ஒலிக்கும் பதிவுசெய்த பாங்கு நேரத்தை அறிவிக்கும் ஒலி மட்டுமே. வீட்டில் ஜமாஅத்தாகத் தொழுதால் ஒருவர் வாயால் பாங்கும் இகாமத்தும் சொல்ல வேண்டும் என்பதே பெரும்பாலான ஆலிம்களின் தீர்ப்பு. வீட்டில் ஒரு பையன் இருந்தால் அந்தப் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். எந்தக் கருவியும் தராத ஈடுபாட்டை அது வளர்க்கும்.

செல்பேசிச் செயலிகள்

துல்லியத்தில் செயலியைக் கடிகாரம் மிஞ்ச முடியாது. ஊர் மாறினால் தானே மாறிக்கொள்ளும், நேரம் வலையமைப்பிலிருந்து வருவதால் பின்தங்காது, விலையும் இல்லை. பயணம் செய்பவருக்கு அதுதான் சரி. ஆனால் நம்பிக்கையாக ஒலிக்குமா என்ற கேள்வியில் அது கடிகாரத்துக்குப் பின்னால்தான் நிற்கிறது.

ஆண்ட்ராய்டில் பாங்கு ஒலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மின்கலச் சேமிப்பு அமைப்பே காரணம். நெடுநேரம் திறக்காத செயலியை அது தூங்க வைத்துவிடும். செயலிக்கு மின்கலக் கட்டுப்பாடு வேண்டாம் என்று விலக்கு கொடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் அலாரம், நினைவூட்டல் அனுமதியும், 13 முதல் அறிவிப்பு அனுமதியும் தனியே இருக்கின்றன, இரண்டையும் பாருங்கள். சில நிறுவனங்களின் செல்பேசிகளில் தானாகத் தொடங்கும் அனுமதி வேறு இருக்கும், அது இல்லாவிட்டால் செல்பேசியை அணைத்துப் போட்டதும் பாங்கு நின்றுவிடும். ஐபோனில் அறிவிப்பு ஒலி 30 வினாடிக்கு மேல் போகாது. பாங்கு பாதியில் நிற்பது பழுதல்ல, அந்த வரம்புதான். இரவில் தொந்தரவு செய்யாதே அமைப்பு ஓடினால் சுபுஹு பாங்கு எந்தச் செல்பேசியிலும் வாயை மூடிக்கொள்ளும். செயலிக்கு அதிலும் விலக்கு வேண்டும்.

‘இம்சாக்’ என்று ஒரு நேரம் சில செயலிகளில் சுபுஹுக்கு மேலே தெரியும். பேணுதலுக்காக, பொதுவாகச் சுபுஹுக்கு 10 நிமிடம் முன்பு வைக்கப்படுவது அது. அதைச் சுபுஹு என்று எண்ணித் தொழுதுவிடக் கூடாது.

இருப்பிட அனுமதி விஷயத்தில் கவனம் தேவை. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய ஒரு தொழுகைச் செயலி, பயனர்களின் இருப்பிடத் தகவலைத் தரவு வணிக நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக 2020 நவம்பரில் செய்தி வந்து பெரும் சர்ச்சையானது. வீட்டில் இருப்பவருக்கு இருப்பிட அனுமதியே தேவையில்லை. ஊரைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டு அனுமதியை மறுத்துவிடுங்கள், கணக்கு அப்படியே சரியாக வரும். விளம்பரம் உள்ள இலவசச் செயலிகளை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பாங்கை நிறுத்தச் செல்பேசியை எடுத்த கை, விளம்பரத்தையும் வாட்ஸ்அப்பையும் தொட்டுவிட்டுத்தான் கீழே வைக்கும். முன் அலாரம் மிச்சம் பிடித்துக் கொடுத்த பதினைந்து நிமிடமும் அதில் போய்விடும். வீட்டுக்குக் கடிகாரம், வெளியூருக்குச் செயலி என்று பிரித்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அதிரும் கைக்கடிகாரம் மருத்துவமனை, வகுப்பறை, கூட்டம் என்று சத்தம் போட முடியாத இடத்தில் இருப்பவர்களுக்கு நல்ல துணை. தானே கணக்கிடும் மாதிரியாகப் பாருங்கள். செல்பேசியின் அறிவிப்பை எதிரொலிப்பது மட்டுமே செய்தால் செயலியின் குறைகள் எல்லாம் அதற்கும் உண்டு.

கிப்லா காட்டும் முள்

கிப்லா (தொழும்போது நோக்கும் கஃபாவின் திசை) காட்டக் கடிகாரத்தோடு வரும் சிறு திசைகாட்டியை நம்ப வேண்டாம். பக்கத்திலேயே ஒலிபெருக்கியின் காந்தம் இருக்கும். இரும்பு பீரோ, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாம் முள்ளை இழுக்கும். செல்பேசியிலும் அதே தொல்லைதான், காந்த மூடி போட்ட உறை இருந்தால் இன்னும் மோசம். சென்னையிலிருந்து கிப்லா வடக்கிலிருந்து வலமாக 288 டிகிரி, அதாவது நேர் மேற்கிலிருந்து 18 டிகிரி வடக்கே. நேர் மேற்கைப் பார்த்து முஸல்லாவை விரிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

சரியாகப் பார்க்க ஒரு பைசா செலவில்லாத வழி உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. மே 28ஐ ஒட்டி இந்திய நேரம் பிற்பகல் 2.48க்கும், ஜூலை 16ஐ ஒட்டி 2.57க்கும். அந்த நிமிடத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழலின் நுனியிலிருந்து குச்சியின் அடியை நோக்கிக் கோடு போட்டால் அதுவே கிப்லா. ஓரிரு நாள் முன்பின் ஆனாலும் பிசகு கண்டுகொள்ளத் தக்கதாக இருக்காது. மொட்டை மாடியில் கோடு போட்டு, அதை வீட்டுச் சுவரோடு ஒப்பிட்டு ஒரு முறை குறித்துவைத்தால் போதும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் முயிஸ் (அந்நாட்டு இஸ்லாமிய சமய மன்றம்) அட்டவணை சுபுஹுக்கு 20 டிகிரி, இஷாவுக்கு 18 டிகிரி என்ற கணக்கில் வருகிறது. ஊரிலிருந்து எடுத்துப்போன கடிகாரத்தில் கராச்சி முறை இருந்தால் சுபுஹு எட்டு நிமிடம் போலப் பிந்தும். லண்டனில் மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம் வரை சூரியன் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவதே இல்லை. சாதாரணக் கடிகாரம் அந்த நாட்களில் இஷாவையும் சுபுஹையும் கோடு போட்டுக் காட்டும், அல்லது அபத்தமான நேரத்தைச் சொல்லும். இரவை ஏழாகப் பிரிப்பது, நள்ளிரவை வைப்பது போன்ற உயர் அட்சரேகை (நிலநடுக்கோட்டிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊர்களுக்கான) விதிகள் உள்ள மாதிரியை வாங்கி, உங்கள் பள்ளிவாசல் எந்த விதியைப் பின்பற்றுகிறதோ அதையே வையுங்கள். அங்கே கோடைக்கால நேரத்தையும் இயக்க வேண்டும்.

ஹிஜ்ரி தேதியை எந்தக் கருவியும் கணக்கில்தான் காட்டும். உள்ளூர்ப் பிறை அறிவிப்போடு ஒருநாள் வித்தியாசம் வருவது சகஜம். கூட்டிக் குறைக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள், ஒவ்வொரு பிறை அறிவிப்புக்கும் பிறகு சரிசெய்யுங்கள். அரஃபா நோன்பு நாளைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்.

விரலில் மாட்டும் மின்னணு தஸ்பீஹ் எண்ணிகளைச் சேர்த்து விற்பார்கள். தொழுகைக்குப் பின் ஓதும் 33, 33, 34க்கு விரல்களே போதும். வாங்கியே ஆக வேண்டுமென்றால், அழிக்கும் பொத்தான் எண்ணும் பொத்தானை ஒட்டி இல்லாததைப் பாருங்கள்.

கடையில் நிற்கும்போது

பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஊரைக் கையால் பதிய முடிகிறதா, அஸருக்கு ஹனஃபி, ஷாஃபி இரண்டும் இருக்கின்றனவா, முன் அலாரத்தின் நிமிடத்தை மாற்ற முடிகிறதா என்று அங்கேயே இயக்கிப் பாருங்கள். மின்கலத்தைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் கழித்துத் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஊரும் முறையும் மறந்துபோய்த் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பினால் அந்த மாதிரி வேண்டாம், மின்கலம் மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிய வேண்டியிருக்கும். பாங்கை முழு ஒலியில் கடைசி வரை ஓட விடுங்கள். மலிவான ஒலிபெருக்கி உச்சக் குரலில் கரகரக்கும். பொத்தான்களின் பெயர் அரபியில் மட்டும் இருந்தால் வீட்டில் யார் அதை இயக்கப்போகிறார் என்று யோசியுங்கள். கையேடு இல்லாத பெட்டியை எடுக்காதீர்கள், ஊர்க் குறியீடுகள் அதில்தான் இருக்கும்.

மாற்றித் தருவார்களா என்று கேட்டு, நாளைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் ஐந்து வக்தும் பள்ளிவாசல் அட்டவணையோடு ஒப்பிட்டு முடித்த பிறகு சுவரில் ஆணி அடிக்கலாம்.